மிதக்கிற அரிசி

பிலிஸ் டீச்சருக்கு அந்தப் பொறுப்பு வந்ததற்குக் காரணம், வேறு யாரும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக இல்லை என்பதுதான். கட்கி பஜாருக்குப் பின்னால், ரயில் பாதையை ஒட்டி இருக்கிற மராத்தி மீடியம் பள்ளி அது. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. மதியச் சாப்பாட்டுக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'போஷண் ஆஹார்', அதாவது சத்துணவு. பிள்ளைகளுக்கு அது வெறும் கிச்சடி. கிச்சடிப் பொறுப்பில் இருந்த ஆசிரியை மாற்றலாகிப் போனதும், ஹெட்மாஸ்டர் பெண்ட்சே சர் ஸ்டாஃப் ரூமை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் அவசர அவசரமாகத் திருத்தாத பேப்பர்களைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பிலிஸ் மட்டும் ஜன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிலிஸ் மேடம், நீங்கதானே சயன்ஸ்?" என்றார்.

"சயன்ஸுக்கும் கிச்சடிக்கும் என்ன சர் சம்பந்தம்?"

"ஏதாவது இருக்கும். கண்டுபிடிங்க."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் பிலிஸிடம் அப்படியெல்லாம் விளையாட்டாகச் சொல்லக்கூடாது. அவளுடைய தாத்தா பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி என்று வளர்ந்தவள் அவள். எந்த மொழியில் பேசினாலும் கேள்வியில்தான் ஆரம்பிப்பாள். "ஒனக்கு ஒரு கேள்வி மாட்டிக்கிட்டா வீட்ல குக்கர் விசில் கூடக் கேக்காது" என்பான் அவள் கணவன் ஜெரோஷ்.

கேள்வி ஜூலை மாதத்தில் மாட்டியது.

சுகாதாரக் குழு வந்து பிள்ளைகளின் விரல் நுனியில் குத்தி ரத்தம் பார்த்துவிட்டுப் போகும் நாள் அது. வந்திருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். வேலை முடிந்து பெட்டியை மூடும்போது, தனக்குத்தானே பேசிக்கொள்வது போல மராத்தியில் கேட்டாள்: "இந்த ஸ்கூலுக்கும் இரும்புச்சத்து சேர்த்த அரிசிதானே வருது?"

"ஆமாம். ஏன்?"

"இதே வார்டுல வேற ஸ்கூல்களைப் பார்த்தேன். ரொம்ப இல்லைன்னாலும் போன வருஷத்துக்கு இந்த வருஷம் பிள்ளைங்களுக்கு ரத்த அளவு கொஞ்சம் ஏறியிருக்கு. இங்கே அப்படியே இருக்கு. முக்கியமா பெண் பிள்ளைங்க." தோளைக் குலுக்கினாள். "ஒருவேளை பிள்ளைங்க சாப்பிடறதில்லையோ என்னவோ."

சாப்பிடுகிறார்கள். அதை பிலிஸ் தினமும் பார்க்கிறாள். வரிசையில் இடித்துக்கொண்டு நின்று, இரண்டாம் தடவை வாங்கி, தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்கள். அரிசி வருகிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நடுவில் என்ன ஆகிறது?

இரவுச் சாப்பாட்டின்போது ஜெரோஷிடம் சொன்னாள். அவனுக்கு சாகண் பக்கம் ஒரு கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை.

"எங்க ஃபேக்டரில ஒரு பீஸ் கெட்டுப்போய் வந்தா ஆபீஸ்ல உக்காந்து யோசிக்க மாட்டோம்" என்றான். "அது உள்ள வந்த கேட்ல இருந்து அது கூடவே நடப்போம். எந்த எடத்துல என்ன ஆகுதுன்னு கண்ணால பாக்கணும். நீயும் அரிசி கூடவே நடந்து பாரு."

மறுநாள் பிலிஸ் அரிசியோடு நடக்க ஆரம்பித்தாள்.

முதலில் ஸ்டோர் ரூம். மூட்டைகளின் மேல் சத்து சேர்த்த அரிசிக்கான முத்திரை ஒழுங்காக இருந்தது. ஒரு கைப்பிடி அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பினாள். கூர்ந்து பார்த்தபோது, வெள்ளை அரிசிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசான மஞ்சளில் சில மணிகள் தெரிந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. மாவில் சத்தைக் கலந்து, அரிசி மாதிரியே அச்சில் வார்த்துச் சேர்க்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தாள். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆக, கேட்டில் குறை இல்லை.

அடுத்தது சமையல் கொட்டகை. மைதானத்தின் மூலையில் தகரக் கூரை போட்ட இடம். அங்கே சமைப்பது ஒரு மகளிர் குழு. அதில் இரண்டு பேர் முக்கியம். ஒருத்தி சுனந்தா தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா. பள்ளி முழுக்க அவளை அப்படித்தான் கூப்பிடும். இன்னொருத்தி தர்மாம்பாள். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவளுடைய மகள் வைஷு இதே பள்ளியில் ஏழாம் வகுப்பு.

மணி அடிப்பதற்கு வெகு நேரம் முன்னாலேயே பிலிஸ் கொட்டகைக்குப் போனாள். அடுப்பு இன்னும் பற்றவைக்கவில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு பழைய டால்டா டப்பா. பொறுக்கியது அதில் விழுந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, இவ்வளவு கல்லா வருது?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து டப்பாவைப் பார்த்தாள்.

கல் இல்லை. லேசான மஞ்சளில், ஒரே அளவில், வழவழவென்று அத்தனையும் அந்த மணிகள்.

"கல்லு எங்க டீச்சர்? இது பிளாஸ்டிக்கு" என்றாள் தர்மாம்பாள்.

பிலிஸ் அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு மணியைக் கையில் எடுத்தாள்.

"போன வருஷம் மொத மொத இந்த அரிசி வந்தப்ப எங்களுக்கும் தெரியல" என்று தர்மாம்பாள் சொல்ல ஆரம்பித்தாள். "கழுவ தண்ணி ஊத்துனா கொஞ்சம் அரிசி மட்டும் மேல மெதக்குது. அரிசி எங்கயாச்சும் மெதக்குமா? அப்புறம் தாயியோட போன்ல ஒரு வீடியோ வந்துச்சு. பிளாஸ்டிக்குல அரிசி செய்யறாங்கன்னு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டோம். பிள்ளைங்க திங்கிற சோறு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்து உக்காந்துடறோம். முறத்துல தப்புனது தண்ணியில மெதக்கும், அதையும் சாய்ச்சு ஊத்திடுவோம். ஒரு பருக்கை உள்ள போவாது."

சுனந்தா தாயிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன பேச்சு என்று புரிந்தது. பெருமையோடு தலையை ஆட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா? அரிசி சரியில்லன்னு நாங்க புகார் சொல்றதா ஆவும். குழுவையே மாத்திடுவாங்க. எதுக்கு வம்பு? பிள்ளைங்க நல்லா இருந்தா போதும்."

ஒரு வருஷமாக, யாரும் கேட்காமல், யாரும் கூலி தராமல், ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, இவர்கள் இரும்புச்சத்தை ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி வெளியே எறிந்திருக்கிறார்கள். அக்கறையில்தான் செய்திருக்கிறார்கள். பிலிஸுக்கு உடனே அதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அந்த அவசரத்தில் தப்பான வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"அக்கா, இது பிளாஸ்டிக் இல்ல. இது மருந்து மாதிரி."

தர்மாம்பாளின் கை முறத்தில் நின்றது.

"மருந்தா? எங்க பிள்ளைங்களுக்கு எங்களக் கேக்காம சோத்துல மருந்தா?" அதையே மராத்தியில் திருப்பிச் சொன்னாள். வட்டம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. "எதுக்கு மருந்து? யாருக்கு என்ன சீக்கு?"

"மருந்து இல்லக்கா, சத்து. இரும்புச்சத்து. ரத்தம் ஊறறதுக்கு."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும்? செய்யற எடத்த நீங்க பாத்தீங்களா?"

பிலிஸ் பார்க்கவில்லை. படித்திருக்கிறாள், அவ்வளவுதான். அவர்கள் ஒரு வீடியோவை நம்பினார்கள், அவள் ஒரு கட்டுரையை நம்புகிறாள்.

"பாக்கலக்கா" என்றாள். "ஆனா பாக்கணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

விஷயத்தைக் கேட்ட பெண்ட்சே சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதுல என்ன இருக்கு மேடம்? நாளையிலிருந்து பொறுக்கக்கூடாதுன்னு சொல்லிடறேன். நீங்க பக்கத்தில் நின்னு பாருங்க."

"நான் நிக்கறப்ப பொறுக்க மாட்டாங்க சர். நான் க்ளாஸுக்குப் போனதும் நல்லா அஞ்சாறு தண்ணியில கழுவுவாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். பிளாஸ்டிக்னு நினைச்சுட்டு யாராவது பிள்ளைக்குப் போடுவாங்களா?"

"அப்போ என்ன செய்யலாம்?"

"அவங்க என்ன சோதனை செய்யணும்னு சொல்றாங்களோ அதைச் செய்யலாம். பிளாஸ்டிக்கா இருந்தா எனக்கும் தெரியணும் இல்லையா?"

அவர் காலண்டரைப் பார்த்தார். "சரி. சனிக்கிழமை அரை நாள்தான். லேப் சாவி வாங்கிக்கோங்க."

லேப் என்பது ஒரு மேஜையும் ஒரு கண்ணாடி அலமாரியும்தான். சனிக்கிழமை பிள்ளைகள் போனபின் பெண்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். அந்த அறைக்குள் அவர்கள் இதுவரை வந்ததே இல்லை. டால்டா டப்பாவை தர்மாம்பாள் மேஜைமேல் வைத்தாள். டீச்சர் வேறு மணிகளை எங்கிருந்தோ எடுத்துவந்து ஏமாற்றிவிடக் கூடாது என்பது அதன் பொருள். பிலிஸுக்கு அது பிடித்திருந்தது.

"மொதல்ல எது?" என்று கேட்டாள்.

"கொளுத்திப் பாப்போம்" என்றாள் தர்மாம்பாள்.

ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார்கள். உடைந்த பிளாஸ்டிக் ஸ்பூனின் துண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்துக் காட்டியபோது அது உருகிச் சொட்டியது. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அடுத்து டப்பாவிலிருந்து ஒரு மணி. அது உருகவில்லை. கருகியது. எல்லோரும் குனிந்து மோந்து பார்த்தார்கள்.

"அடிப்பிடிச்ச சோத்து வாசன" என்றாள் தர்மாம்பாள், நம்பாத குரலில்.

சுனந்தா தாயி ஒரு மணியைக் கல்லில் வைத்து நசுக்கினாள். மாவானது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். மற்றவர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். "பீட்" என்றாள். மராத்தியில் மாவு.

பிலிஸ் அயோடின் பாட்டிலை எடுத்தாள். ஏழாம் வகுப்பில் அவள் வருஷாவருஷம் செய்து காட்டும் சோதனைதான். மாவுச்சத்து இருந்தால் நீலக் கறுப்பாக மாறும். ஊறவைத்து நசுக்கிய சாதாரண அரிசியில் ஒரு சொட்டு விட்டாள். கறுத்தது. பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு. பழுப்பாகவே வழிந்து ஓடியது. கடைசியாக மஞ்சள் மணியின் மாவில் ஒரு சொட்டு. விட்டதும் மையைக் கொட்டியது போலக் கறுத்தது.

அறையில் ஒரு சலசலப்பு. பிலிஸ் முடிந்தது என்று நினைத்தாள். தர்மாம்பாளுக்கு முடியவில்லை.

"சரி, அரிசி மாவுதான். ஒத்துக்கறோம். ஆனா இரும்பு இருக்குன்னு சொன்னீங்களே, அது எங்க? அரிசியையே அரைச்சு மறுபடியும் அரிசியாக்கி ஏமாத்தறாங்களோ என்னவோ?"

நல்ல கேள்வி. இது தன் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் பிலிஸ் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்திருப்பாள். ஆனால் அதைச் சோதிக்கும் ரசாயனம் அலமாரியில் இல்லை. வெளியே போய் மரியஜோசப்புக்குப் போன் செய்தாள். அவளுடைய சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுகிறவன். ஒரு ஜூனியர் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறான். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், "நானே வர்றேன். நான் இல்லாம செஞ்சுடாதீங்க" என்றான்.

அவன் ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தர்மாம்பாள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். வைஷுவும் அம்மாவைத் தேடி வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். ஒல்லியான பெண். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவாள். மற்ற பிள்ளைகள் அதற்காகவே அவளுக்கு 'பாசஞ்சர் வண்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மரியஜோசப் இரண்டு சின்ன பாட்டில்களை ஜாக்கிரதையாக எடுத்து வைத்தான். "இது கொஞ்சம் அமிலம். இது தயோசயனேட். இரும்பு இருந்தா நெறம் சொல்லும். யாரும் தொடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு, வெள்ளைத் தட்டில் இரண்டு குவியல் வைத்தான். ஒன்று பொறுக்கி முடித்த அரிசி. மற்றது டப்பாவிலிருந்து எடுத்த மணிகள். முதல் குவியலில் சொட்டு விட்டான். ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் விட்டான்.

முதலில் ஒரு ரோஜா நிறம் பரவியது. பிறகு ஒவ்வொரு மணியும் சிவந்து, சிவந்து, தட்டில் யாரோ விரலை அறுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"அக்கோ பாயீ!" என்று சுனந்தா தாயி வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைஷு எழுந்து வந்து மேஜைமேல் எட்டிப் பார்த்தாள். "அம்மா, ரத்தம் மாதிரியே இருக்கு!"

தர்மாம்பாள் தட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு டால்டா டப்பாவைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பிலிஸ் பின்னாலேயே போனாள். மைதானத்தில் குழாயடியில் நின்றுகொண்டிருந்தாள் தர்மாம்பாள்.

"என் கையாலயே பொறுக்கி எறிஞ்சிருக்கேன் டீச்சர். சாக்கடையில."

"அக்கா, இந்த அரிசி ஒண்ணுலயே எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. எனக்கே தெரியாது. வைஷுவுக்கு வேற காரணமும் இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டணும்."

"அது சரி." தர்மாம்பாள் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். இப்போது அழுகை இல்லை; கோபம்தான் இருந்தது. "லாரி ஏத்தி மூட்டைய அனுப்பத் தெரியுது. பாக்க வந்தவங்க சாப்பாட்ட ருசி பாக்கறாங்க, பாத்திரத்தப் பாக்கறாங்க, மூட்டைய எண்ணறாங்க. சமைக்கறவகிட்ட ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'இப்படி ஒண்ணு கலந்து வருது, மெதக்கும், பயப்படாத'ன்னு சொல்லியிருக்கலாம் இல்ல?"

 சொல்லியிருக்கலாம். பிலிஸும் அப்படிச் சொல்லாதவர்களில் ஒருத்திதான். பொறுப்பு எடுத்து இத்தனை நாளில் அவள் அரிசியோடு நடந்த அந்த நாள்வரை கொட்டகைக்குள் நுழைந்தது சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான்.

திங்கட்கிழமை பெண்கள் முறத்தை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்விகள் எடுத்தார்கள். எத்தனை தண்ணியில் கழுவலாம்? கஞ்சியை வடித்தால் சத்து போய்விடுமா? எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துக்குமா? பிலிஸ் சிலவற்றுக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததை அந்தச் சின்ன வயது டாக்டரிடம் போனில் கேட்டாள். ஒரு தண்ணி போதும், வடிக்காமல் தண்ணீர் சுண்டும்வரை வேகவிடுங்கள் என்றாள் டாக்டர். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை இருந்தது. "தலசீமியா மாதிரி ரத்த நோய் உள்ள பிள்ளைங்க யாராவது இருந்தா, அவங்க டாக்டரைக் கேட்டுட்டுக் கொடுங்க" என்றாள்.

ஐந்தாவதில் அப்படி ஒரு பையன் இருந்தான். ஹெட்மாஸ்டருக்குத் தெரியும், கொட்டகைக்குத் தெரியாது. அவனுடைய டாக்டர் வேண்டாம் என்றதும், அவன் ஒருவனுக்கு மட்டும் சின்னப் பாத்திரத்தில் தனியாகச் சமைப்பது என்று முடிவானது. அந்த ஒரு கிண்ணம் அரிசியை சுனந்தா தாயி தினமும் தானே பொறுக்கினாள். வேறு யாரையும் தொடவிடவில்லை.

பெற்றோர் கூட்டம் அவ்வளவு சுலபமாக இல்லை. "சோதனை எல்லாம் சரி, என் பிள்ளைக்கு நான் டப்பா கட்டி அனுப்பறேன்" என்று ஒரு அப்பா எழுந்து போனார். பெண்ட்சே சர் அவரைத் தடுக்கப் போனார். பிலிஸ் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது, மறுப்பதற்கும்தான். மற்றவர்களிடம் பேசியது தர்மாம்பாள். மராத்தியும் இந்தியும் கலந்து, தட்டில் பார்த்த சிவப்பைக் கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள். "நான்தான் பொறுக்கி எறிஞ்சேன். இப்ப நான்தான் போடறேன்" என்று முடித்தாள்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. பொறுக்குகிற அந்த ஒரு மணி நேரம் மிச்சமானது. பெண்கள் வழக்கம்போல் சீக்கிரமே வந்தார்கள். வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

"கீரை போடணும்னு பாக்க வந்தவங்க மொதல்லயே சொன்னாங்க டீச்சர்" என்றாள் தர்மாம்பாள். "ஆய நேரமே இல்லாம விட்டுட்டோம். ஒரு கட்டு மேத்தி ஆயறதுக்குள்ள அடுப்பு பத்தவெக்கற நேரம் வந்துடும். இப்ப நேரம் இருக்கே."

அந்த வாரமே கிச்சடியில் மேத்தி விழுந்தது. வெந்தயக்கீரையின் கசப்பில் பாதிப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்தார்கள். அடுத்த வாரம் சுனந்தா தாயி அதைப் பொடிப்பொடியாக அரிந்து, பூண்டும் கடுகும் தாளித்துப் போட்டாள். அதன்பின் தட்டுகளின் ஓரத்தில் பச்சை மிச்சம் குறைந்தது. முளைகட்டிய மட்கிப் பயறு வாரத்தில் ஒரு நாள் என்பது இரண்டு நாள் ஆனது. இதை எல்லாம் பிலிஸ் சொல்லவில்லை. அவள் தினமும் காலையில் ஒரு முறை கொட்டகைக்குப் போய், "இன்னிக்கு என்ன?" என்று கேட்பாள், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் சுகாதாரக் குழு மறுபடி வந்தது. வரிசை நகர நகர பிலிஸும் பக்கத்திலேயே நின்றாள். பலருக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது. சிலருக்கு அசையவே இல்லை. ஒன்றிரண்டு பேருக்கு இறங்கியும் இருந்தது. வைஷு டாக்டரிடம் தனியாகப் போய்ப் பூச்சி மாத்திரையும் சாப்பிட்டிருந்ததால், அவளுக்கு ஏறியது எதனால் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஏறியிருந்தது. அந்தப் பட்டப்பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை என்று அவளே பிலிஸிடம் சொல்லியிருந்தாள்.

"பரவாயில்லையே" என்றாள் டாக்டர். "அசையாம இருக்கறவங்கதான் எனக்குப் புரியலை. எல்லாரும் ஒரே சாப்பாடுதானே சாப்பிடறாங்க?"

கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தர்மாம்பாள், பிலிஸின் காதருகே குனிந்தாள்.

"டீச்சர், அந்தப் பிள்ளைங்க எல்லாம் காலைல வீட்ல என்ன சாப்பிட்டு வருதுங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? எங்க சால்ல, அந்த லைன் வீடுங்கள்ல, முக்காவாசி வெறும் சாயும் பிஸ்கட்டும்தான். வெறும் வயித்துல ரெண்டு டம்ளர் சாயா. அது ஒண்ணும் பண்ணாதா?"

பிலிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். டீயைப் பற்றி, அது இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்வதைப் பற்றி, எங்கோ ஒரு வரி படித்த ஞாபகம். சரியாக நினைவில்லை.

"தெரியலக்கா" என்றாள். "வாங்க, கேட்டுப் பாப்போம்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு தர்மாம்பாள் வரிசையின் கடைசியில் நின்ற பெண்ணிடம் போனாள். பிலிஸ் டாக்டரின் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.